இலையை மடிக்கத் தெரியாத செல்

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் மொரீஷியஸ் காத்ர் போர்னில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் கணவருக்கு 63 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். சிகரெட்டை அன்றே விட்டுவிட்டார். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் சாப்பிடுகிறார். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அந்த எல்.டி.எல். 3.9 மில்லிமோல் இருந்தது, இப்போது 1.7. இதய மருத்துவர் படம் வரைந்து காட்டியபோது, "ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் கொலஸ்ட்ராலை விழுங்கிச் சேர்த்து வைத்திருக்கின்றன" என்றார். அதுதான் எனக்குக் குழப்பம். எதிர்ப்புச் செல்கள் கொலஸ்ட்ராலை விழுங்கினால் அது நல்லதுதானே? அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதாதா? உறவினர் ஒருவர் அதற்கென்றே ஒரு மூலிகைப் பொடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கணவரோ கால் வலிக்கிறது, கொலஸ்ட்ரால் அளவும் குறைந்துவிட்டது, காவடி விரதம் தொடங்கும்போது மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம்.

மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படிக்கலாம். முதலில் இதை மட்டும் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்: இன்றைய மாத்திரையை இன்றே போட்டுக்கொள்ள வேண்டும். விரத நாட்களிலும் நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை என்பதால், ரத்தம் உறையாமல் இருக்கத் தந்திருக்கும் மாத்திரைகளை ஒருநாள்கூட விடக் கூடாது. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரோஸ் ஹில்லில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நோயைத் தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பதுபோல நினைத்திருக்கிறார்கள். உள்ளே கொழுப்பு ஒட்டுகிறது, குழாய் சிறுக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி, சுவருக்குள் உயிருள்ள ஒரு செல் வேலை செய்துகொண்டிருப்பதைப் பிடித்துவிட்டீர்கள். அந்தச் செல்லுக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்தால் பொடிக்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு தானாக விளங்கும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரால் எண்ணெய்த் தன்மை கொண்டது, ரத்தத்தில் கரையாது. அதனால் உடல் அதைப் புரத உறை போட்ட சிறு உருண்டைகளில் ஏற்றி அனுப்புகிறது. எல்.டி.எல். என்பது அப்படிப்பட்ட உருண்டை. ரத்தத்தில் இவை அதிகமாகச் சுற்றும்போது, சில ரத்தக்குழாயின் உட்படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே இருக்கும் புரதவலையில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய உருண்டை நாளடைவில் கெடுகிறது. பாட்டிலில் நெடுநாள் கிடந்த எண்ணெய் காறிப்போகிறதே, ஏறக்குறைய அதே ஆக்சிஜன் வேலைதான் இங்கும் நடக்கிறது. உட்படலச் செல்கள் இதை உணர்ந்து, ரத்தம் ஓடும் பக்கத்தில் பசைபோன்ற புரதங்களை நீட்டுகின்றன. அந்த வழியே போகும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, படலத்தின் இடுக்கில் நெளிந்து உள்ளே இறங்குகின்றன. உள்ளே போனதும் உருமாறி மேக்ரோஃபேஜ் ஆகின்றன. தமிழில் பெருவிழுங்கி என்று சொல்வோம்.

விழுங்குவது இவற்றின் பிறவிக் குணம். 1882-ல் சிசிலித் தீவின் மெசினாவில் மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்ற கருத்து அங்கே பிறந்தது. அதற்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். ஆக, நீங்கள் நினைத்ததில் பாதி சரி. கெட்டுப்போன எல்.டி.எல்.லை அகற்றத்தான் பெருவிழுங்கி வருகிறது. வந்த நோக்கம் நல்லது.

சிக்கல் அது சாப்பிடும் விதத்தில் இருக்கிறது. நம் காவடிப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு கறியும் பரிமாறிக்கொண்டே வருகிறார்கள். போதும் என்றால் இலையை மடிப்போம், மடித்த இலையில் யாரும் சோறு வைக்கமாட்டார்கள். உடம்பின் சாதாரணச் செல்களும் இப்படித்தான். எல்.டி.எல்.லை வாங்க அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. உள்ளே கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்ததும் செல் புதிய ஏற்பிகளைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. இலை மடிந்துவிடுகிறது. டெக்சாஸ் மாநிலம் டல்லஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இருவர் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்து 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அவர்களுக்கே ஒரு புதிர் இருந்தது. பிறவியிலேயே இந்த ஏற்பி இல்லாத நோயாளிகளின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் பெருவிழுங்கிகள் கொலஸ்ட்ராலால் புடைத்துக் கிடந்தன. ஏற்பியே இல்லாதபோது எந்த வழியாக உள்ளே போயிற்று? 1979-ல் விடை வெளிவந்தது. சாதாரண எல்.டி.எல்.லைக் கொடுத்தால் பெருவிழுங்கி அதிகம் தொடுவதில்லை. வேதியியல் முறையில் சற்று மாற்றிய எல்.டி.எல்.லைக் கொடுத்தபோது அள்ளி அள்ளி விழுங்கியது. அதனிடம் வேறொரு இலை இருக்கிறது. கெட்டுப்போன பொருளை மட்டும் பிடிக்கும் துப்புரவு ஏற்பி அது. அந்த இலைக்கு மடிப்பே கிடையாது. உள்ளே எவ்வளவு நிறைந்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். கிருமியை விழுங்கும்போது இந்தக் குணம் நமக்கு வேண்டியதுதான், பாதிக் கிருமியை விட்டுவைக்கக் கூடாதல்லவா? கொலஸ்ட்ரால் விஷயத்தில் அதே குணம் செல்லின் உயிருக்கே வினையாகிறது.

ஏனென்றால் கொலஸ்ட்ராலை அதனால் செரிக்க முடியாது. பலரும் அறியாத செய்தி இது, ஆனால் எல்லாமே இதில்தான் நிற்கிறது. மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடல் எரித்துச் சாம்பலாக்கிவிடும். கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைத்து எரிக்கும் வசதி மனித உடலின் எந்தச் செல்லுக்கும் இல்லை. கல்லீரல் ஒன்றுதான் அதைப் பித்தநீராக்கிக் குடல் வழியே வெளியேற்றும். சுவருக்குள் மாட்டிக்கொண்ட பெருவிழுங்கி என்ன செய்யும்? தனிக் கொலஸ்ட்ரால் நச்சுத் தன்மை உள்ளது என்பதால், ஒரு கொழுப்பு அமிலத்தை அதோடு இணைத்து, எண்ணெய்த் துளியாக்கி உள்ளேயே அடுக்கி வைக்கிறது. துளி துளியாக நிறைந்து, நுண்ணோக்கியில் சோப்பு நுரைபோல் தெரியும். அதனால்தான் நுரைச்செல் என்று பெயர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் 1913-லேயே முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் ரத்தக்குழாய்ச் சுவரில் இத்தகைய செல்களைக் கண்டு எழுதிவைத்தார்.

மருத்துவ மாணவனாக இருந்தபோது, சாலை விபத்தில் இறந்த ஓர் இளைஞனின் பெருந்தமனியைத் திறந்து காட்டினார்கள். இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். வழவழப்பான உட்பரப்பில் மஞ்சள் கோடுகள், சந்தனம் இழுத்தாற்போல. அத்தனையும் நுரைச்செல்கள். வயதானவர்களின் நோய் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பிறகுதான் படித்தேன்: கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களை 1953-ல் ஆராய்ந்தபோது, சராசரி வயது 22 மட்டுமே இருந்தும், நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனியில் இந்த நோயின் தடம் இருந்திருக்கிறது. ஐயாவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் வந்தது நாற்பது ஆண்டு வேலையின் முடிவு, அம்மா. உங்கள் பிள்ளைகளுக்கும் இப்போதே ஒருமுறை கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள்.

செல்லுக்கு வெளியேறும் வாசல் இல்லாமலும் இல்லை. தன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தின் வழியாகக் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும், எச்.டி.எல். என்ற இன்னொரு வகை உருண்டை அதை வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும். அமெரிக்காவின் வர்ஜீனியாவை ஒட்டி டாஞ்சியர் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. அந்தச் சதை முழுக்கக் கொலஸ்ட்ரால் நிறைந்த பெருவிழுங்கிகள். ரத்தத்தில் எச்.டி.எல். இல்லை என்றே சொல்லலாம். 1999-ல் காரணம் தெரிந்தது: அவர்களுக்கு அந்த வாசல் புரதத்தின் மரபணு பழுது. வாசல் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நம் எல்லோருக்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது. வரத்து மிகும்போது அது ஈடுகொடுப்பதில்லை, அவ்வளவுதான். "அப்படியானால் எச்.டி.எல்.லைக் கூட்டலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் நினைத்தன. எச்.டி.எல். அளவை வெகுவாக உயர்த்திய ஒரு மருந்தின் சோதனையை 2006-ல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியிருந்தது.

இனி நுரைச்செல்லின் முடிவு. அடுக்கிவைத்த கொலஸ்ட்ரால் ஒரு கட்டத்தில் ஊசிபோன்ற படிகங்களாகிறது. படிகம் செல்லின் உள்ளே அபாய மணியை அடிக்கிறது. செல் அழற்சிக்கான தூதுப் பொருள்களைக் கொட்டுகிறது. அவற்றைக் கேட்டு இன்னும் மோனோசைட்டுகள் வந்து இறங்குகின்றன, அவையும் விழுங்குகின்றன, புடைக்கின்றன, சாகின்றன. செத்த செல்லை அப்புறப்படுத்த வேண்டியதும் இன்னொரு பெருவிழுங்கிதான், அதுவே நிறைந்து கிடக்கிறது. இப்படிச் செத்தவற்றின் குப்பை சேர்ந்து சுவருக்குள் ஒரு கூழ்க் குட்டை உருவாகிறது. தமிழாசிரியைக்கு இது பிடிக்கும் என்று சொல்கிறேன்: இந்த நோயின் மருத்துவப் பெயர் அத்திரோஸ்கிளிரோசிஸ், அதன் முற்பகுதியில் உள்ள கிரேக்க வேர்ச்சொல்லுக்குக் கூழ் என்றே பொருள். மாரியம்மனுக்குக் காய்ச்சுகிறோமே, அதே கூழ். குட்டையின் மேலே நார்ச் சதையால் ஆன மூடி ஒன்று இருக்கும். அழற்சியில் இருக்கும் செல்கள் சுரக்கும் நொதிகள் அந்த மூடியை அரித்து மெலிதாக்குகின்றன. ஒருநாள் மூடி கிழிகிறது, கூழ் ரத்தத்தைத் தொடுகிறது, அந்த இடத்திலேயே ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. ஐயாவுக்கு அன்று நடந்தது பெரும்பாலும் இதுதான். ஸ்டென்ட் அந்த ஓர் இடத்தைத் திறந்துவைத்திருக்கிறது. மற்ற இடங்களில் நுரைச்செல்கள் அப்படியே இருக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அவை இன்னும் பல இடங்களில் இருக்கும்.

இப்போது பொடியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே செல் சோர்ந்துபோய்க் கிடக்கவில்லை. ஓயாமல் விழுங்கி, ஓயாமல் கூச்சலிட்டு, மேலும் ஆட்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் உசுப்பேற்றுவதால் யாருக்கு நன்மை? 2017-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம், அந்த அழற்சித் தூதுப் பொருள் ஒன்றை மட்டும் அடக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். எல்.டி.எல். குறையவில்லை, ஆனால் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூட்டுவதற்குப் பதில் தணித்ததால் கிடைத்த பலன் இது. அதே ஊசியால் உயிர்போக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின, அதனால் அது வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டவோ குறைக்கவோ நாம் திருகும் குமிழ் இல்லை என்பதை அந்த ஒரே ஆய்வு காட்டிவிட்டது.

மூலிகை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன செங்காந்தள் இருக்கிறதே, அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற பொருள் உண்டு. கவுட் என்ற மூட்டுவலிக்கு நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து அது. தினம் 0.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் கொடுத்தால் இதயத் தமனி நோயாளிகளுக்கு அழற்சியைத் தணித்து மாரடைப்பைக் குறைக்கிறது என்று 2019, 2020-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அளவு சற்று மீறினால் அது கொடிய விஷம். காந்தள் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சிறு அளவும் உடலில் தேங்கிவிடும். மூலிகையில் மருந்து இல்லை என்று நான் சொல்லவில்லை. என்ன பொருள், எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத பொடியை, சர்க்கரை நோயும் ஸ்டென்டும் உள்ளவர் வாயில் போடக் கூடாது என்கிறேன். சிவப்பு ஈஸ்ட் அரிசி கலந்த பொடியாக இருந்தால் அதில் ஸ்டாட்டின் வகை மருந்தே, அதாவது ஐயாவின் அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த வகையே, இயற்கையாக இருக்கும். மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் தசை கெடலாம்.

செய்யத்தக்கது வரத்தைக் குறைப்பதுதான். ஸ்டாட்டின் அதைச் செய்கிறது. கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் செய்வதை அது தடுக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளை அதிகமாக விரித்து ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலை வெளியேற்றத் தெரிந்த ஒரே உறுப்பு அதைத் தன் பக்கம் இழுப்பதால், சுவருக்குள் போகும் அளவு குறைகிறது. எல்.டி.எல். 1 மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. நன்றாகக் குறைத்துப் பல மாதங்கள் வைத்திருந்தால் சுவரில் உள்ள கொழுப்புத் திட்டு சற்றுச் சுருங்குகிறது, மூடி தடிக்கிறது. வாசல் வழியே பழைய சரக்கு வெளியேறவும் அவகாசம் கிடைக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய 3.9-ஐ நோக்கி ஏறிவிடும். அளவு குறைந்ததே மாத்திரையால்தானே?

வரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதை நம் தீவே உலகுக்குக் காட்டியிருக்கிறது. ரேஷன் எண்ணெய் உங்களுக்கு நினைவிருக்கும். பெரும்பகுதி பாமாயிலாக இருந்ததை 1987-ல் அரசு முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலில் இருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. அதற்கு வேறு காரணங்களும் துணைசெய்திருக்கலாம், ஆனால் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. பாமாயிலிலும் நெய்யிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்துவிடும். மருத்துவ இதழ்களில் நம் ஊர்ப் பெயரை அந்த எண்களோடு பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1.7 நல்ல இறக்கம். ஆனாலும் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் கேட்பது 1.4-க்குக் கீழே. எனவே மருத்துவரிடம் நிறுத்தலாமா என்று கேட்க வேண்டாம், இன்னும் இறக்க எஸெடிமைப் சேர்க்கலாமா என்று கேளுங்கள். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் எளிய மாத்திரை அது.

கால் வலியை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஸ்டாட்டினால் தசைவலி வருவது உண்மை, ஆனால் நினைப்பதைவிட அரிது. வலி என்று மாத்திரையை விட்ட 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெறும் மாவு மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு மாவு மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, காரணம்தான் வேறு. ஐயாவுக்கு வலி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரு தொடையிலும் சமமாக, தசை கனத்தாற்போல் வந்தால் தசை கெடுகிறதா என்று காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது காலின் தமனியிலும் நுரைச்செல்கள் வேலையைக் காட்டுவதாக இருக்கலாம். 12 ஆண்டு சர்க்கரையும் சிகரெட்டும் இருந்தவர் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. அப்படியானால் மாத்திரை இன்னும் அவசியமாகிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

விரதம் இருக்கட்டும். பத்து நாள் சைவம் அவருக்கு நன்மையே. இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பட்டினி கிடந்துகொண்டு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவில் எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கும், அளவை முன்கூட்டியே மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பூச வெயிலில் காவடி சுமந்து மலையேறுவதற்கு இதய மருத்துவரின் சம்மதம் வேண்டும். இந்த ஆண்டு பால்குடம் உங்கள் மகன் எடுத்து, ஐயா நிழலில் கூட நடந்து வந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். ஏழு கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த காத்தோ பிமா என்ற மிளகாய் வடையைத்தான் குறைக்க வேண்டும். பம்பளிமாஸ் பழம் எப்போதாவது இரண்டு சுளை சாப்பிட்டால் பயமில்லை, சாறாகப் பிழிந்து தினமும் குடித்தால் ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் அளவு ஏறிவிடும்.

நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், இடக்கையிலோ தாடையிலோ வலி வந்தால், பூசை நடுவில் இருந்தாலும் ஆம்புலன்சுக்கு 114-ஐ அழையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பொடிப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். சி.கே., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், மூன்று மாதச் சர்க்கரை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பார்த்துப் பதில் போடுகிறேன்.